அடையாளம் தெரியாத பொடி

அந்த அறிக்கையை எத்தனை தடவை எடுத்துப் படித்தாலும் ஒரு வரியில் வந்து நின்றுவிடுவேன். பயணி, பணியில் இருந்த ஊழியரின் முகத்தை இரு கைகளாலும் பிடித்து, அடையாளம் தெரியாத வெண்ணிறப் பொடி ஒன்றை அவருடைய நெற்றியில் பூசினார். விமானக் கம்பெனி ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியது. அந்தப் பயணி என் அக்கா. அந்தப் பொடி திருநீறு. இது நடந்தது மதுரை விமான நிலையத்தில், ஓடுபாதையில் இன்னும் உருளக்கூட ஆரம்பிக்காத ஒரு விமானத்துக்குள்.

மதுரையில் திருநீறு அடையாளம் தெரியாத பொடியாகிவிட்டது. இதைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் ஆரம்பத்தில் சிரிக்க வைப்பதற்காகத்தான் சொல்லிப் பார்த்தேன். சொல்லி முடிக்கும்போது எனக்கு மட்டும் சிரிப்பு வராது.

நான் பசுமலையில் இருக்கிறேன். ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. வாடிக்கையாளர்கள் எழுதும் புகார்களுக்குப் பதில் எழுதுவதுதான் என் பிழைப்பு. 'தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று தொடங்கி, வருந்துகிறோம் என்பதைத் தவிர வேறு எதையும் ஒப்புக்கொள்ளாமல் ஒரு பக்கத்தை எப்படி நிரப்புவது என்பது எனக்கு அத்துப்படி. அதனால் ஒரு கம்பெனி எந்த இடத்தில் வழுக்கும், எந்த இடத்தில் நழுவும் என்று எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அக்கா மேலூருக்குப் பக்கத்து ஊரில் இருக்கிறாள். கொஞ்சம் நெல் வயல், இரண்டு கறவை மாடு. மச்சான் இறந்த பிறகும் விவசாயத்தை விடவில்லை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. அவளுக்கு வாயை விடக் கை அதிகம் பேசும். யாரைப் பார்த்தாலும் தொடுவாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் குழந்தை இருந்தால் அதன் முகத்தை வழித்து நெட்டி முறிக்காமல் இறங்க மாட்டாள். கரண்டு ரீடிங் எடுக்க வந்த பையனுக்கு மோர் கொடுத்து, 'வெயில்ல கருத்துப் போயிட்டியேய்யா' என்று அவன் தாடையைப் பிடித்துப் பார்ப்பாள். எனக்கு நரை விழுந்துவிட்டது. அப்படியிருந்தும் நான் ஊருக்குப் போய்த் திரும்பினால் மேலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வருவாள். பஸ் கிளம்பும் நேரத்தில் என் இரண்டு கன்னத்தையும் வழித்து, விரல்களை மடக்கித் தன் நெற்றிப் பொட்டில் வைத்து அழுத்துவாள். படபடவென்று முறியும். 'பாரு, எம்புட்டுக் கண்ணு' என்று சொல்லிவிட்டுத்தான் ஏற்றிவிடுவாள். ஆபீசில் ஒருவரும் என்னை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை, எவன் கண்ணுடி படும் என்று நான் கிண்டல் செய்வேன். அவள் கண்டுகொள்ள மாட்டாள்.

அவளுடைய ஒரே மகள் மும்பையில் இருக்கிறாள். தலைப்பிரசவம். தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும் என்று அக்கா வீட்டுக்கு வெள்ளையடித்து, குளியலறையில் வெந்நீருக்கு வசதி செய்து எல்லாம் தயாராக இருந்தாள். கடைசியில் பெண்ணுக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, பயணம் செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அவ வர முடியலேன்னா என்ன, தாய்வீடு கெளம்பிப் போகுது" என்று அக்கா சொன்னாள். ரயிலுக்கு முன்பதிவு செய்து வைத்திருந்தோம். ஆனால் திடீரென்று ஒரு நாள் காலையில் பெண் போன் செய்தாள். நாளைக் காலையே ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்கிறாராம். "அம்மா வந்துருமா சித்தி? அம்மா மொகத்தப் பாத்துட்டுத்தான் உள்ள போவேன்னு சொல்லிட்டேன்" என்றாள். குரலில் பயம் தெரிந்தது. நான் உடனே அன்று மதியமே கிளம்பும் விமானத்தில் இரண்டு டிக்கெட் எடுத்தேன். அக்காவுக்கு அதுதான் முதல் விமானப் பயணம்.

கிளம்பும்போது ஊர் ஐயனார் கோயில் திருநீற்றை ஒரு காகிதத்தில் மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டாள். பெண்ணுக்கு ஆபரேஷனுக்கு முன்னால் பூசிவிட வேண்டும் என்பது அவள் எண்ணம். விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை செய்த பெண் அந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். அவர் தமிழ்நாட்டுக்காரர்கூட இல்லை. பார்த்துவிட்டு முன்பு இருந்தது போலவே மடித்து அக்கா கையில் கொடுத்தார். துப்பாக்கி வைத்திருப்பவருக்கே தெரிந்தது அது என்ன என்று. இதைப் பிறகு எல்லாரிடமும் சொன்னேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை.

விமானத்தில் அக்காவுக்கு நடைபாதை ஓரத்து இருக்கை, எனக்கு அதை அடுத்தது. அவளுக்குப் பெல்ட் போடத் தெரியவில்லை. நான் சொல்லிக் கொடுப்பதற்குள் ஒரு பணிப்பெண் குனிந்து மாட்டிவிட்டது. சின்னப் பெண். முகத்தில் அவ்வளவு பவுடரும் சாயமும் இருந்தும் களைப்பு தெரிந்தது. அக்கா சும்மா இருப்பாளா?

"சாப்டியாத்தா?"

அந்தப் பெண் முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னது. "இல்லம்மா. காலைலருந்து டூட்டி." சுத்தமான நம்ம ஊர்ப் பேச்சு.

"மொகமெல்லாம் வாடிக் கெடக்கே தாயி. அம்புட்டுக் கண்ணு பட்டுருக்கு" என்று சொல்லி அக்கா அதன் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அப்புறம் பொட்டலத்தைப் பிரித்து ஒரு சிட்டிகை எடுத்தாள். அந்தப் பெண் தலையைக் குனிந்தது. இதைத்தான் நான் எல்லா இடத்திலும் சத்தியம் செய்து சொன்னேன். தலையைக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டது. நாம் எல்லாரும் திருநீறு வாங்கும்போது எப்படி நிற்போமோ அப்படி நின்றது. அக்கா பூசி, கண்ணில் விழாமல் இருக்க மேலே ஒரு ஊது ஊதினாள்.

அந்த நேரத்தில் பின்னாலிருந்து மூத்த பணிப்பெண் வந்துவிட்டார். வடக்கே எந்த ஊரோ தெரியாது. என்ன இது, என்ன பூசினார்கள், உன்னைத் தொட்டார்களா என்று அந்தச் சின்னப் பெண்ணை ஆங்கிலத்தில் படபடவென்று கேட்டார். அது வாயைத் திறக்கவில்லை. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டியது. மூத்தவர் ஒரு ஈரக் காகிதத்தை எடுத்து நீட்ட, அதை வாங்கி நெற்றியைத் துடைத்துக்கொண்டது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதுவரைக்கும் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. திருநீற்றைத் துடைத்ததும்தான் தான் ஏதோ பெரிய தப்புச் செய்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒருவரைத் தொடுவதற்கு முன் கேட்க வேண்டும். எனக்கு அது தெரியும். இத்தனை வருடம் பஸ் ஏறி ஆபீசுக்குப் போய் வந்த எனக்கு அது தெரியாமல் இருக்குமா? அந்தச் சின்னப் பெண் 'வேணாம்மா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அக்கா கையை எடுத்திருப்பாள், 'மன்னிச்சுக்கத்தா' என்றும் சொல்லியிருப்பாள். இனிமேல் தொடாதீர்கள் என்று அந்த மூத்தவர் சொல்லியிருந்தாலும் முடிந்திருக்கும். அக்காவிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளைப் பற்றித்தான் பேசினார்கள், அவள் தலைக்கு மேலேயே.

கொஞ்ச நேரத்தில் கீழிருந்து ஒரு ஆள் வந்தார். விமானக் கம்பெனியின் தரைப் பணி அதிகாரி. டை கட்டியிருந்தார். நெற்றியில் பளிச்சென்று திருநீற்றுக் கீற்று.

"மேடம், கொஞ்சம் கீழ எறங்கிப் பேசிக்குவமா மேடம்?"

"எதுக்கு?"

"பைலட் இவங்களக் கூட்டிட்டுப் போக முடியாதுன்னு சொல்லிட்டாரு மேடம். க்ரூவத் தொட்டுருக்காங்க. என்னமோ பொடி போட்டிருக்காங்க. சேஃப்டி இஷ்யூ."

"உங்க நெத்தியில இருக்கறது என்ன பொடி சார்?" என்று கேட்டேன்.

முன்னாலும் பின்னாலும் நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர் முகம் சுருங்கிப் போனது. பிறகு வந்த அறிக்கையில் இதற்கும் ஒரு வரி ஒதுக்கியிருந்தார்கள். உடன் வந்த பயணி ஊழியரின் சமய அடையாளத்தை இழிவுபடுத்தினாராம். அதாவது அவர் நெற்றியில் இருந்தால் சமய அடையாளம், எங்க அக்கா கையில் இருந்தால் அடையாளம் தெரியாத பொடி.

சிரித்தவர்கள் எங்களுக்காக வாயைத் திறப்பார்கள் என்று நினைத்தேன். அந்த விமானத்தில் பாதிப் பேர் நெற்றியில் ஏதோ ஒன்று இருந்தது. ஒருவர் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தார். இன்னொருவர், "எறங்கிப் போய்ப் பேசுங்களேம்மா, எல்லாருக்கும் லேட்டாகுது" என்றார். நான் அவரோடும் சண்டை போட்டேன். பைலட்டிடம் பேச வேண்டும், எழுத்தில் கொடுங்கள், என் அக்கா மகளுக்கு நாளைக்கு ஆபரேஷன் என்று கத்தினேன். கத்தக் கத்த அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. கடைசியில் அக்காதான் எழுந்தாள். பெல்ட்டைக் கழற்றத் தெரியாமல் அதோடு மல்லுக்கட்டினாள். இப்போது அதைக் கழற்றிவிட எந்தப் பணிப்பெண்ணும் குனியவில்லை.

"வாடி சின்னவளே. நம்மளால ஏன் அம்புட்டுப் பேரும் காத்துக் கெடக்கணும்?" என்றாள்.

என்னை இறங்கச் சொல்லவில்லை. அவளைத் தனியாக விட முடியுமா? நானும் இறங்கினேன்.

கீழே ஒரு அறையில் உட்கார வைத்தார்கள். பொட்டலத்தைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வாங்கிக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை அக்கா அந்தக் கம்பெனியின் எந்த விமானத்திலும் ஏறக் கூடாது என்றார்கள். நாங்கள் உட்கார்ந்திருக்கும்போதே விமானம் கிளம்பும் சத்தம் கேட்டது. அக்கா தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

வெளியே வந்து வேறு கம்பெனி விமானம், சென்னை வழியாக ஏதாவது என்று நான் போனில் தேட ஆரம்பித்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்டி. இனிமே அந்த ஏரோப்ளேன்ல நான் கால் வைக்க மாட்டேன். மறுபடி யாரு மேலயாச்சும் கை பட்டுச்சுன்னா?" என்றாள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. அவனியாபுரம் வரை ஒரு ஷேர் ஆட்டோவில் வந்தோம். எங்களோடு ஒரு பெண் கைக்குழந்தையோடு ஏறினாள். குழந்தை அக்காவைப் பார்த்துச் சிரித்தது. அக்காவும் சிரித்தாள். இரண்டு கையும் சுருக்குப் பையைப் பிடித்தபடியே இருந்தன. அப்போது நான் அதைக் கவனித்தும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ரயில் மாறி ரயில் ஏறிப் போனோம். பேர் வாயில் நுழையாத ஏதோ ஒரு ஸ்டேஷனில் ரயில் நின்றுகொண்டிருந்தபோது மருமகன் போன் செய்தார். ஆண் குழந்தை, இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்றார். அம்மா வரட்டும், அம்மா வரட்டும் என்று பெண் அடம்பிடித்ததையும், டாக்டர் கோபித்துக்கொண்ட பிறகுதான் உள்ளே போனாள் என்பதையும் சேர்த்தே சொன்னார். அக்கா ஐயனாரைக் கும்பிட்டாள். அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று எதிர் சீட்டில் இருந்த அம்மாள் இனிப்பு கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் பெண் படுத்திருந்தாள். பக்கத்தில் குழந்தை. தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வழக்கமாக அக்கா ஓடிப்போய் மகளை உச்சி முதல் பாதம் வரை தடவித் தடவிப் பார்த்திருப்பாள். மகள் ஊருக்கு வந்து இறங்கும்போதெல்லாம் அப்படித்தான். அன்றைக்குக் கட்டிலுக்கு இரண்டு அடி தள்ளியே நின்றாள். கையை முந்தானைக்குள் சுற்றி வைத்துக்கொண்டிருந்தாள். குழந்தையைக் குனிந்து பார்த்தாள். பிறகு நர்சைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள்.

"தொடலாமாத்தா?" என்று கேட்டாள்.

பெண்ணுக்குப் புரியவில்லை. "என்னம்மா கேக்குற? உம் பேரன்ம்மா" என்றாள்.

நான் வெளியே வந்துவிட்டேன். வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து போனை எடுத்து, அங்கேயே அந்தக் கம்பெனிக்கு முதல் புகாரை எழுதினேன். எனக்கு டிக்கெட் போனது பெரிதில்லை. பயணம் போனதுகூட இல்லை. எங்க அக்காவின் கையை முடக்கிப் போட்டுவிட்டார்கள். அந்தக் கையைத் திருப்பி வாங்க வேண்டும். இதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அதனால் எனக்குத் தெரிந்த ஆபீஸ் ஆங்கிலத்தில், நடந்ததை நடந்தபடியே எழுதினேன்.

பதில் உடனே வந்தது. என் சிரமத்துக்கு வருந்துகிறார்கள். என் கருத்து அவர்களுக்கு மதிப்பு மிக்கது. படித்ததும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. நான் இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் எழுதியதை எனக்கே திருப்பி எழுதியிருக்கிறார்கள். மறுபடி எழுதினேன். மறுபடி வருந்தினார்கள். மூன்றாவது தடவை அதுவும் வரவில்லை. கிணற்றில் போட்ட கல்தான். என்ன காரணத்தால் இறக்கினீர்கள், யார் புகார் கொடுத்தது, அந்தப் பொடியைச் சோதித்து என்ன கண்டுபிடித்தீர்கள் என்று தனித்தனியாகக் கேள்வி கேட்டு, பதில் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றம் போவேன் என்று எழுதினேன். வேலையில் எனக்குப் பயத்தைக் கொடுக்கும் கடிதம் எது என்று எனக்குத் தெரியும் அல்லவா? அதே மாதிரி எழுதினேன். அதன் பிறகுதான் அந்த அறிக்கை வந்தது.

அதோடு ஒரு போனும் வந்தது. சென்னையிலிருந்து ஒரு அதிகாரி. நல்ல தேனொழுகும் குரல். "இதப் பெருசு பண்ண வேண்டாம் மேடம். தெரியாமத் தொட்டுட்டேன், மன்னிச்சிருங்கன்னு அவங்க ஒரு வரி எழுதிக் கொடுத்தாப் போதும். தடைய எடுத்துர்றோம். விசாரணை கிசாரணைன்னு அவங்க அலைய வேண்டாம் பாருங்க."

மும்பையிலிருந்து திரும்பியிருந்த அக்காவிடம் போனில் சொன்னேன். "எழுதிக் குடுத்துருவம்டி" என்றாள்.

"நீ என்ன தப்பு செஞ்ச?"

"தொட்டேன்ல?"

"தொட்டா? திருநீறு பூசுனதுக்கு மன்னிப்பா? அப்புறம் நீ ரவுடின்னு நீயே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி ஆகிரும்க்கா."

"வேலியில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விடாதடி. எனக்கென்ன, நாளப்பின்ன நான் ஏரோப்ளேன்லயா போகப் போறேன்? மாட்டுக்குத் தண்ணி காட்டணும், போன வையி." வைப்பதற்கு முன் இன்னொன்றும் சொன்னாள். "அந்தப் புள்ள வேலைக்கு ஒண்ணும் வந்துராமப் பாத்துக்க. அதுவும் பாவம், பசியோட நின்னுச்சு."

எனக்கு அந்தப் பெண் மேலேதான் எல்லாரையும் விட அதிகக் கோபம். மற்றவர்களுக்குத் தெரியாது. அதற்குத் தெரியும். தெரிந்தே வாயை மூடிக்கொண்டு நின்றது. அதன் வேலைக்காக நான் பரிந்து பேச வேண்டுமாம். போனை வைத்துவிட்டு நாள் முழுக்க வீட்டில் பாத்திரங்களோடு சண்டை போட்டேன். மன்னிப்பு எழுதிக் கொடுக்க மாட்டோம், விசாரணைக்கு வருகிறோம் என்று பதில் அனுப்பினேன்.

அந்தக் கம்பெனி ஒரு விசாரணைக் குழு வைத்திருந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைவர். எல்லாம் வீடியோவில்தான். பசுமலையில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து அக்காவை உட்கார வைத்தேன். நல்ல சேலை கட்டி, தலையைப் படிய வாரி, கோர்ட்டுக்குப் போகிறவள் போல வந்திருந்தாள். திரையில் ஒரு கட்டத்தில் நீதிபதி, இன்னொன்றில் அந்த மூத்த பணிப்பெண், இன்னொன்றில் டை கட்டியவர், கடைசியில் அந்தச் சின்னப் பெண். டை கட்டியவர் அன்றைக்குத் திருநீறு வைக்காமல் வந்திருந்தார். அதையும் நான் கவனித்தேன்.

முதலில் நான் பொடியைக் கேட்டேன். சோதனைக்கு அனுப்பினார்களே, என்ன முடிவு வந்தது? அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொட்டலம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆபத்தான பொடி என்று ஒரு மனுஷியை இறக்கிவிட்டவர்கள், அந்தப் பொடியை எந்த மேசையிலோ மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். "அப்படியானால் உங்களுக்கே அது என்ன என்று அன்றைக்கே தெரியும்" என்றேன். நீதிபதி என்னை அமைதியாக இருக்கச் சொன்னார்.

அவர் தமிழ் தெரிந்தவர். அந்தச் சின்னப் பெண்ணிடம் கேட்டார். "அவங்க தொட்டப்போ உனக்குப் பயமா இருந்துச்சாம்மா?"

அது குனிந்தே இருந்தது. அதன் வாக்குமூலத்தில் 'என் அனுமதி கேட்கப்படவில்லை' என்று இருந்தது. அது உண்மைதான். கேட்கவில்லைதான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"இல்ல சார்" என்றது. பிறகு, "எங்கம்மாவும் டூட்டிக்குக் கெளம்பும்போது இப்பிடித்தான் செய்வாங்க" என்றது. மூத்த பணிப்பெண்ணின் கட்டத்தில் முகம் இறுகியது.

நீதிபதி அக்காவிடம் திரும்பினார். நல்ல மனிதர், கனிவாகத்தான் கேட்டார். "நீங்க அன்னைக்கு என்ன செஞ்சீங்கன்னு கொஞ்சம் செஞ்சு காட்ட முடியுமாம்மா? பக்கத்துல உங்க தங்கச்சி இருக்காங்கள்ல, அவங்களுக்குச் செய்யிற மாதிரி."

நான் என் முகத்தை அவள் பக்கம் திருப்பினேன். செய்யட்டும், இந்த உலகமே பார்க்கட்டும் என்று இருந்தது எனக்கு. அக்காவின் இரண்டு கையும் மேசைக்குக் கீழே முந்தானைக்குள் இருந்தன. வெளியே வரவில்லை.

"வேணாங்கய்யா" என்றாள். "தப்பாயிரும்."

சில வாரம் கழித்து முடிவு வந்தது. நாங்கள்தான் ஜெயித்தோம். புரிதல் குறைவால் நேர்ந்த நிகழ்வு, தவறான நோக்கம் இல்லை, தடை நீக்கப்படுகிறது. யாருடைய புரிதல் குறைவு என்று எழுதவில்லை. அக்காவிடம் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. மறுபடியும் எங்களோடு பறக்க வாருங்கள் என்று ஒரு கூப்பன் மட்டும் அனுப்பியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு கையிலிருந்த போனை வீசி எறியாமல் இருந்ததே பெரிது. அந்தச் சின்னப் பெண் வேலையில் இருக்கிறதா என்று விசாரித்தேன், அக்காவுக்காக. இருக்கிறதாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முடிவை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டினேன். மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டே கேட்டாள். "செயிச்சாச்சுல்ல, விடு" என்றாள். சோறு போட்டாள். வழக்கம் போல மேலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாள். மதுரை பஸ் புறப்பட நின்றுகொண்டிருந்தது. "பாத்துப் போடி" என்று சொல்லிவிட்டு நின்றாள்.

நான் ஏறவில்லை. அவளும் நின்றுகொண்டே இருந்தாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து இந்தப் பஸ் ஸ்டாண்டில் அவள் கை என் முகத்தில் படாமல் நான் பஸ் ஏறியதில்லை. கண்டக்டர் விசில் அடித்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. முந்தானைக்குள்ளிருந்து அவள் கையை வெடுக்கென்று பிடித்து இழுத்து, என் இரண்டு கன்னத்திலும் வைத்து அழுத்தினேன்.

"முறிக்கா" என்றேன்.

"பஸ்ஸு போயிரும்டி."

"போகட்டும். முறி."

அவள் கை என் கன்னத்திலேயே இருந்தது. பூக்காரி, டீக்கடைக்காரர், கண்டக்டர், நின்றிருந்த எல்லாரும் அவளைப் பல வருடமாகத் தெரிந்தவர்கள். அத்தனை பேரையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், யாராவது வந்து தன்னை இறக்கிவிடுவார்களோ என்பது போல. அப்புறம்தான் மெதுவாக என் முகத்தை வழித்தாள்.